தற்காலிக ஸ்டெப்னியில் எவ்வளவு வேகம் போகலாம்? பாதுகாப்பும் சட்டமும்: முழுமையான வழிகாட்டி

பஞ்சரான சக்கரத்துக்குப் பதிலாகக் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் மாட்டுவதுதான் தற்காலிக ஸ்டெப்னி. அதில் ஒட்டியிருக்கும் ‘80’ (மணிக்கு 80 கி.மீ.) ஸ்டிக்கரைப் பலர் ஓர் ஆலோசனையாகத்தான் பார்க்கிறார்கள். கார் நேராகப் போகிறது, ஸ்டியரிங் நடுங்கவில்லை, சத்தமும் இல்லை, அப்புறம் 100-இல் போனால் என்ன என்று தோன்றுவது இயல்பு. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. இந்தச் சக்கரத்தின் குறைகள் சமதளச் சாலையில் நேராக ஓடும்போது வெளியே தெரியாது. திடீரென்று பிரேக்கை அழுத்தும்போதோ, மழைநீர் தேங்கிய வளைவில் திரும்பும்போதோதான் தெரியும். அந்த நேரத்தில் வேகத்தைக் குறைக்க அவகாசம் இருக்காது.

இன்னொன்று. 80 என்பது எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே பொருந்தும் உச்சவரம்பு. டயரில் முழுக் காற்று இருக்க வேண்டும், ரப்பர் பழசாகியிருக்கக் கூடாது, வண்டியில் அளவுக்கு மீறிய சுமை கூடாது, சாலை ஈரமாக இருக்கக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் 80-ஏ அதிகம். 60-இல் போவதை நினைத்து வெட்கப்பட எதுவும் இல்லை.

படி 1: உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள்

இதைப் பஞ்சர் ஆன பிறகு பார்ப்பதைவிட இன்றைக்கே டிக்கியைத் திறந்து பார்ப்பது நல்லது. பொதுவாக மூன்று வகை உண்டு.

முதலாவது, எல்லோருக்கும் தெரிந்த ஒல்லி ஸ்டெப்னி. பக்கச்சுவரில் அளவுக்கு முன்னால் ஆங்கில எழுத்து ‘டி’ இருக்கும். உதாரணமாக டி125/70ஆர்16. தற்காலிகப் பயன்பாட்டுக்கு மட்டும் என்ற வாசகமும், 420 கிலோபாஸ்கல் அல்லது 60 பிஎஸ்ஐ காற்று நிரப்பு என்ற குறிப்பும் அதிலேயே அச்சாகியிருக்கும்.

இரண்டாவது, மடிந்த நிலையில் வரும் டயர். சக்கரத்தை மாட்டிய பிறகு கம்ப்ரசரால் காற்றடித்துத்தான் விரிக்க வேண்டும். அதிகம் காணக் கிடைக்காது.

மூன்றாவதுதான் ஆட்களை ஏமாற்றும். பார்க்கச் சாதாரண டயர்தான், சாதாரண இரும்பு ரிம்தான். ஆனால் காரின் நான்கு அலாய் சக்கரங்களைவிட ஓர் அளவு சிறியது, அல்லது அகலம் குறைந்தது. ரிம்மில் 80 என்ற ஸ்டிக்கர் இருக்கும். ‘இது முழு டயர்தானே’ என்று வாரக்கணக்கில் அதிலேயே ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். காருடன் வந்த ஸ்டெப்னியில் வேக ஸ்டிக்கர் இருந்தால் அதுவும் தற்காலிக வகைதான். டயர் எவ்வளவு தடிமனாகத் தெரிந்தாலும் அந்த வரம்பு அதற்கும் பொருந்தும்.

ஸ்டிக்கர் கிழிந்துபோயிருந்தால் சந்தேகம் வேண்டாம், அளவை ஒப்பிடுங்கள். ஸ்டெப்னியின் பக்கச்சுவரில் உள்ள எண்களும் மற்ற நான்கு டயர்களின் எண்களும் ஒன்றாக இல்லை என்றால், காரின் கையேட்டில் அதற்கென்ன வரம்பு என்று பாருங்கள். சில வகைகளுக்கு 120 வரை அனுமதி உண்டு. கையேடு அப்படிச் சொன்னால் மட்டுமே அதை நம்புங்கள்.

இதில் ஒரு குழப்பமும் உண்டு. பல ‘டி’ வகை டயர்களின் பக்கச்சுவரில் வேகக் குறியீடாக ‘எம்’ என்ற எழுத்து இருக்கும். எம் என்றால் 130 கி.மீ. அதைக் காட்டி, ‘டயரே 130 தாங்கும், ஸ்டிக்கர் சும்மா’ என்று வாதிடுபவர்கள் உண்டு. எம் என்பது அந்த டயரைத் தனியாகச் சோதித்த தகுதி. 80 என்பது அந்தச் சக்கரம் உங்கள் காரில், வேறு மூன்று பெரிய சக்கரங்களோடு சேர்ந்து ஓடும்போது அந்தக் காருக்கான வரம்பு. இரண்டில் எது குறைவோ அதுதான் செல்லும்.

படி 2: வேகம் கூடினால் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

வரம்பு ஏன் இருக்கிறது என்று புரிந்தால் அதை மீறத் தோன்றாது என்பது என் நம்பிக்கை. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

205 மில்லிமீட்டர் அகல டயருக்குப் பதிலாக 125 மில்லிமீட்டர் டயர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அகலம் கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைந்துவிட்டது. அந்த மூலையில் பிடிமானமும் குறைவு. இந்த நிலையில் வேகத்தைக் கூட்டினால், நிறுத்த வேண்டிய இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 80-இல் இருப்பதைப்போல 100-இல் 1.56 மடங்கு, 120-இல் 2.25 மடங்கு. பிரேக் பிடித்த பிறகு கார் போகும் தூரமும் அதே விகிதத்தில் நீளும். நான்கு நல்ல டயர்களுக்கே இதுதான் கணக்கு. ஒரு மூலையில் பிடி குறைந்த காருக்கு இதைவிட மோசம். அதோடு கார் ஒரு பக்கமாக இழுக்கவும் செய்யும்.

அடுத்தது வெப்பம். டயர் தரையில் படும் ஒவ்வொரு முறையும் அமுங்கி விரிகிறது. அந்த அசைவில் ரப்பர் சூடாகிறது. தற்காலிக டயரில் அடுக்குகள் குறைவு, எடையும் குறைவு. டிக்கியில் இடத்தை மிச்சப்படுத்தத்தான் அதை அப்படிச் செய்கிறார்கள். வேகம் கூடும்போது ஒரு நிமிடத்தில் அது அமுங்கும் தடவைகள் கூடுகின்றன, ஆற வாய்ப்பு குறைகிறது. காற்றும் குறைவாக இருந்தால் ஒவ்வொரு அமுக்கமும் ஆழமாகிறது. அளவு மீறினால் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும், டயர் வெடிக்கும். மாற்றுச் சக்கரமே வெடித்துவிட்டால் அதற்கு மாற்று கிடையாது.

காற்று விஷயத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். நல்ல டயர்கூட மாதத்துக்கு ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ இழக்கும். 60 பிஎஸ்ஐ நிரப்பிய ஸ்டெப்னியை இரண்டு வருடம் தொடாமல் விட்டால் அதில் 36 பிஎஸ்ஐ அளவில்தான் மிஞ்சியிருக்கும். சாதாரண டயருக்கு அது போதும் என்பதால், கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு ‘நல்லாத்தான் இருக்கு’ என்று மாட்டிவிடுவோம். உண்மையில் அதற்கு வேண்டியதில் 40 சதவீதம் காற்று இல்லை.

மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புது சாதாரண டயரில் பட்டன் ஆழம், அதாவது தரையில் படும் பகுதியிலுள்ள பள்ளங்களின் ஆழம், சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும். தற்காலிக டயரில் புதிதாக இருக்கும்போதே அதில் பாதிக்கும் குறைவுதான். தண்ணீரை வெளியேற்றும் பள்ளங்கள் ஆழமில்லாததால் ஈரச்சாலையில் பிடி சீக்கிரம் போய்விடும். மழை பெய்தால் 80 என்ற எண்ணையே மறந்துவிடுங்கள்.

விட்டமும் மாறுகிறது. 205/55ஆர்16 டயரின் விட்டம் சுமார் 632 மில்லிமீட்டர். டி125/70ஆர்16 டயரின் விட்டம் சுமார் 581. பெரியது ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 504 முறை சுற்றினால், சிறியது 548 முறை சுற்ற வேண்டும். இதை இயக்கும் அச்சில் மாட்டினால், இரண்டு பக்கத்துக்கும் உள்ள அந்த வித்தியாசத்தை டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கர அமைப்பு) தொடர்ந்து ஈடுகட்டிக்கொண்டே ஓட வேண்டும். வளைவில் சில விநாடிகள் செய்ய வேண்டிய வேலையை அது மணிக்கணக்கில் செய்கிறது. உள்ளே எண்ணெய் சூடாகும், பற்கள் தேயும். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிகளில் பாதிப்பு இன்னும் அதிகம். அவற்றுக்குக் கையேட்டில் தனி விதி இருந்தால் அதை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுங்கள். டி125/70ஆர்18 போன்று, காரின் டயருக்கு விட்டத்தில் சமமாக வரும் ஸ்டெப்னிகளும் உண்டு. அவற்றில் டிஃபரன்ஷியல் பிரச்சினை இல்லை, ஆனால் அகலமும் பட்டனும் குறைவு என்பதால் வேக வரம்பு அப்படியே இருக்கும்.

மின்னணு அமைப்புகளையும் கவனியுங்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் கார் வழுக்காமல் காக்கும் இஎஸ்சியும் நான்கு சக்கரங்களின் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்கின்றன. ஒன்று எப்போதுமே வேகமாகச் சுற்றினால் அவற்றின் கணிப்பு கெடலாம், டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியலாம். காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் சென்சார் பெரும்பாலான ஸ்டெப்னிகளில் இருக்காது. அதாவது, மிகவும் கவனம் தேவைப்படும் சக்கரத்தில் காற்று இறங்கினால் கார் உங்களிடம் சொல்லாது.

படி 3: சட்டம் எங்கே குறுக்கிடும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

‘80-க்கு மேல் போனால் அபராதமா?’ என்பதுதான் வழக்கமான கேள்வி. அபராதம் இதில் மிகச் சிறிய பகுதி. சட்டம் பல வாசல்கள் வழியாக உள்ளே வரும்.

அடிப்படையில் இருப்பது வண்டிக்கான அங்கீகாரம். தற்காலிக ஸ்டெப்னிகளுக்கென்று ஐ.நா.வின் 64ஆம் எண் வாகன ஒழுங்குமுறை இருக்கிறது. பல நாடுகள் அதை ஏற்றிருக்கின்றன. சக்கரத்தில் 80 அல்லது 120 என்ற வேக எச்சரிக்கை இருக்க வேண்டும், காரின் மற்ற சக்கரங்களிலிருந்து தெளிவாக வேறுபடும் நிறமோ வடிவமோ இருக்க வேண்டும், வீல் கவர் போட்டு அதை மறைக்க முடியக் கூடாது என்று அது சொல்கிறது. ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேல் மாட்டக் கூடாது, சாதாரணச் சக்கரத்தைச் சீக்கிரம் திரும்ப மாட்ட வேண்டும் என்று கையேட்டில் எழுதியாக வேண்டும் என்றும் சொல்கிறது. ஸ்டெப்னியை மாட்டிய காரின் பிரேக் சோதனையும் அந்த வேக வரம்பை வைத்துத்தான் நடக்கிறது. வரம்புக்கு மேல் நீங்கள் ஓட்டும் கார், யாரும் சோதித்து அனுமதித்த கார் அல்ல.

அடுத்தது போக்குவரத்துச் சட்டம். சில இடங்களில் தற்காலிகச் சக்கரத்தின் வேக வரம்பே நேரடி விதியாக இருக்கும். அப்படித் தனி விதி இல்லாத இடங்களிலும், டயர்கள் அந்தப் பயன்பாட்டுக்கு ஏற்ற நிலையில் இருக்க வேண்டும், ஆபத்தான நிலையில் வண்டியை ஓட்டக் கூடாது என்ற பொது விதிகள் உண்டு. சாலையின் வேக வரம்பு 120 என்பதால் உங்களுக்கும் 120 என்று ஆகிவிடாது. சாலை வரம்பு ஒன்று, சக்கர வரம்பு ஒன்று. குறைந்ததே உங்களுடையது.

விபத்து நடந்துவிட்டால் கேள்வியே மாறிவிடும். யாராவது காயப்பட்டால், ஓட்டுநர் கவனக்குறைவாக இருந்தாரா, ஆபத்தை அறிந்தே ஓட்டினாரா என்று பார்ப்பார்கள். மற்ற வழக்குகளில் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல இடமிருக்கலாம். இங்கே அது எடுபடாது. எச்சரிக்கை சக்கரத்திலேயே பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. அதை மாட்டியது நீங்கள். கையேட்டிலும் இருக்கிறது. வேகத்தை நிரூபிப்பதும் இப்போது கடினமில்லை. பல புதிய கார்கள் மோதலுக்கு முந்தைய சில விநாடிகளின் வேகத்தையும் பிரேக் அழுத்தத்தையும் பதிவு செய்கின்றன. சாலைக் கேமராவும் டேஷ்கேமும் அதற்கு மேல்.

உங்கள் மேல் தவறே இல்லாத விபத்திலும் இது பாதிக்கும். எதிர் வண்டிதான் குறுக்கே வந்தது என்றாலும், ‘இவர் அனுமதித்த வேகத்தில் வந்திருந்தால் நின்றிருப்பார்’ என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். அந்த வாதம் ஏற்கப்பட்டால் உங்களுக்கு வர வேண்டிய இழப்பீட்டில் ஒரு பங்கு குறையும்.

இன்சூரன்ஸ் பாலிசிகளில், வண்டியைப் பாதுகாப்பான நிலையில் வைத்திருக்க உரிய அக்கறை எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை பொதுவாக இருக்கும். ஸ்டெப்னியில் ஓட்டினீர்கள் என்பதற்காக மட்டும் கோரிக்கையை மறுப்பது பொதுவாக எளிதல்ல, அது காருடன் வந்த சக்கரம்தான். ஆனால் அதில் 110-இல் போனீர்கள், அதனால்தான் கட்டுப்பாடு போனது என்று சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் எழுதினால், உங்கள் சொந்தச் சேதத்துக்கான தொகை குறைக்கப்படவோ மறுக்கப்படவோ வாய்ப்பு உண்டு. பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்கு நிறுவனம் பணம் கொடுத்துவிட்டு, அதை உங்களிடம் வசூலிக்க முயல்வதும் உண்டு. உங்கள் பாலிசியில் அந்தப் பத்தியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

வாடகைக் காரோ அலுவலகக் காரோ என்றால் ஒப்பந்தமும் சேர்ந்துகொள்ளும். பஞ்சர் ஆனதும் தகவல் சொல்லுங்கள். என்ன செய்யச் சொன்னார்கள் என்பதை எழுத்தில் வாங்கி வையுங்கள். ‘அப்படியே ஓட்டி வந்துடுங்க’ என்று போனில் சொன்னவர் பிறகு பொறுப்பேற்பார் என்று நம்பக் கூடாது.

மெதுவாகப் போனால் அதுவும் குற்றமாகிவிடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். சில நாடுகளின் விரைவுச்சாலைகளில் குறைந்தபட்ச வேக விதி உண்டு. ஜெர்மனியின் ஆட்டோபானில்கூட, மணிக்கு 60 கி.மீ.க்கு மேல் போகும்படி வடிவமைத்த வண்டியாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஆனாலும் வேறு வழி இருந்தால் விரைவுச்சாலையைத் தவிர்ப்பதே நல்லது என்பேன். சட்டம் இடம் கொடுத்தாலும், சுற்றிலும் 120-இல் பாயும் வண்டிகளுக்கு நடுவே 70-இல் போவது எளிதல்ல.

படி 4: மாட்டும்போது

சமதளமான, சாலையை விட்டு விலகிய இடத்தில் நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக், எச்சரிக்கை விளக்கு, முக்கோணப் பலகை எல்லாம் வழக்கம்போல. பயணிகளை இறக்கி, சாலையிலிருந்து தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

மாட்டுவதற்கு முன் டயரை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பக்கச்சுவரில் வெடிப்பு, வீக்கம் இருந்தால் மாட்டாதீர்கள், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். வயதையும் பார்க்கலாம். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஓடவே ஓடாத ஸ்டெப்னியானாலும் 10 வருடத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது பல டயர் நிறுவனங்களின் அறிவுரை.

எந்த மூலையில் மாட்டுவது என்பது முக்கியம். பெரும்பாலான சிறிய கார்கள் முன்சக்கரத்தால் இயங்குகிறவை. அவற்றில் திருப்புவது, இழுப்பது, பிரேக்கின் பெரும்பகுதி எல்லாமே முன்னால் நடக்கிறது. முன்டயர் பஞ்சர் என்றால், பின்னால் இருக்கும் நல்ல சக்கரத்தை முன்னுக்குக் கொண்டுவந்து, ஸ்டெப்னியைப் பின்னால் போடச் சொல்லிப் பல கையேடுகள் கூறுகின்றன. இதற்கு இரண்டு முறை ஜாக்கி போட வேண்டும். வண்டிகள் உரசிப் போகும் சாலையோரத்தில் அந்த வேலை வேண்டாம். அங்கே ஸ்டெப்னியை முன்னால் மாட்டிக்கொண்டு மிக மெதுவாக அடுத்த பாதுகாப்பான இடத்துக்குப் போய், அங்கே இடம் மாற்றுங்கள். பின்னால் போட்டபிறகு வளைவுகளில் காரின் பின்பகுதி விலகிப்போகும் வாய்ப்பு கூடும் என்பதையும் மனதில் வையுங்கள். பின்சக்கர இயக்கம் உள்ள காருக்குக் கையேடு வேறு மாதிரி சொல்லலாம், அதைப் பாருங்கள்.

வீல் நட்டிலும் ஒரு விஷயம் இருக்கிறது. சில கார்களில் அலாய் சக்கரத்துக்கு ஒரு போல்ட், இரும்பு ஸ்டெப்னிக்கு வேறு போல்ட். நீளமோ உட்காரும் முனையின் வடிவமோ மாறுபடும். ஸ்டெப்னியோடு தனிப் போல்ட்டுகள் வந்திருந்தால் அவற்றைத்தான் போட வேண்டும். எதிரெதிராக, நட்சத்திர வரிசையில் முறுக்குங்கள். ஜாக்கியை இறக்கிய பிறகு இறுதி முறுக்கு.

அப்புறம் காற்று. கையோடு கம்ப்ரசர் இருந்தால் அங்கேயே 60 பிஎஸ்ஐ, அல்லது டயரில் எழுதியுள்ள அளவு. இல்லையென்றால் முதல் பெட்ரோல் பங்க் வரை 40-50 வேகத்தில் போய் நிரப்புங்கள். காற்றடிப்பவர் வழக்கம்போல 32 வைத்துவிடப் போகிறார், எவ்வளவு என்று நீங்களே சொல்லுங்கள்.

படி 5: ஓட்டும்போது

கிளம்பும் முன்பே, எங்கே போகிறோம் என்பதை மாற்றி யோசியுங்கள். இனி இலக்கு நீங்கள் முதலில் போக நினைத்த ஊர் அல்ல, அருகிலுள்ள டயர் கடை. பல கையேடுகள் இந்தச் சக்கரத்துக்கு 80 கி.மீ. தூரம் என்றும் ஒரு வரம்பு வைக்கின்றன. 300 கி.மீ. பயணம் மீதம் இருக்கிறது என்றால், ‘மெதுவாகவே போய்விடலாம்’ என்பதும் சரியான தீர்வு அல்ல. வழியில் எங்காவது பஞ்சரைச் சரிசெய்யுங்கள்.

வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் குரூஸ் கண்ட்ரோலை அணைத்து வையுங்கள். இறக்கங்களில் கால் வைக்காமலே 80 தாண்டிவிடும், அப்போது கீழ் கியரில் இறங்குங்கள். முன்வண்டிக்கு வழக்கமாக விடும் இடைவெளியைப்போல இரண்டு மடங்கு விடுங்கள். முந்துவது வேண்டாம். முந்தும்போதுதான் வேகத்தைக் கவனிக்காமல் மிதித்துவிடுவோம். அந்த மூலையில் கார் சில சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும் என்பதால் வேகத்தடையில் அடி தட்டலாம். டிரெய்லர் இழுக்காதீர்கள், டிக்கியில் கனமான சுமை இருந்தால் குறையுங்கள். பனிச்சங்கிலி, தானியங்கிக் கார் கழுவும் கூடம் இரண்டும் இந்தச் சக்கரத்துக்கு ஆகாது.

சுமார் 50 கி.மீ. போனதும் நிறுத்தி நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள். டயரைத் தொடாமல், கையை அருகில் கொண்டுபோய் வெப்பத்தை உணருங்கள். மற்ற மூன்றைவிட வெகுவாகச் சூடாக இருந்தாலோ, ரப்பர் கருகும் வாடை வந்தாலோ, ஸ்டியரிங் புதிதாக நடுங்கினாலோ அதற்கு மேல் ஓட்ட வேண்டாம்.

பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார், விளக்கை மினுக்குவார். இடது ஓரமோ வலது ஓரமோ, உங்கள் நாட்டில் மெதுவாகப் போகும் தடம் எதுவோ அதிலேயே இருங்கள். அவருக்காக 10 கி.மீ. கூட்டாதீர்கள். அவர் ஒரு நிமிடத்தில் உங்களைக் கடந்துபோய்விடுவார்.

ஸ்டெப்னிக்குப் பதிலாகப் பஞ்சர் ரசாயனக் கிட் உள்ள கார்களுக்கும், காற்றில்லாமலே ஓடும் ரன்-ஃபிளாட் டயர்களுக்கும்கூடப் பொதுவாக இதே 80 வேகம்தான் வரம்பு.

படி 6: திரும்பக் கழற்றிய பிறகு

டயர் கடையில் பஞ்சர் போட்ட சக்கரத்தை அன்றே மாட்டச் சொல்லுங்கள். புது டயர் வாங்க இரண்டு நாள் ஆகும் என்றால் அந்த இரண்டு நாளும் காரை நிறுத்தி வைப்பதே மேல். முடியாவிட்டால் வீட்டுக்கும் கடைக்கும் மட்டும் ஓட்டுங்கள்.

கழற்றிய ஸ்டெப்னியை டிக்கியில் வீசிவிட்டு மறந்துவிடாதீர்கள். ஆணி, வெட்டு, பட்டன் தேய்மானம் மூன்றையும் பாருங்கள். தேய்மானக் குறியைப் பட்டன் தொட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். காற்றைக் குறிப்பிட்ட அளவுக்கு நிரப்பி வையுங்கள். ஸ்டிக்கர் உரிந்திருந்தால் ரிம்மில் பெயிண்ட்டால் 80 என்று எழுதி வையுங்கள், அடுத்த முறை அந்தக் காரை ஓட்டுவது வீட்டில் வேறு யாராகவாவது இருக்கலாம். மற்ற நான்கு டயர்களுக்குக் காற்று பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஐந்தாவதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். டிக்கியில் சாமான் இருக்கிறது என்று தட்டிக்கழித்தால், சாமானை இறக்கிவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.